கிருஷ்ணகிரி மலையில் பாறைக்குப் பலியான ஸ்காட்லாந்து சிப்பாய்கள்: 1791 நவம்பர் 7 இரவு நடந்தது என்ன?

பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரியை நெருங்கும்போது, ஊரை ஒட்டி மொட்டையாக எழுந்து நிற்கும் பாறை மலை கண்ணில் படாமல் போகாது. மேலே சையத் பாஷா தர்கா, சரிவில் இடிந்த கோட்டைச் சுவர்கள். ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்தச் சரிவில்தான் 230 வருஷங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் இரவில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த சிப்பாய்கள் பாறைகளுக்கு அடியில் நசுங்கிச் செத்தார்கள்.

அவர்களுக்கு இங்கே என்ன வேலை?

1787இல் இந்தியாவில் சண்டை போடுவதற்கென்றே பிரிட்டன் நான்கு புதிய படைப்பிரிவுகளைத் திரட்டியது. அதில் ஒன்று 74வது ஹைலேண்டர்ஸ். அதைத் திரட்டியவர் சர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல். அப்போது மதராஸ் கவர்னர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். கிளாஸ்கோவிலும் மேற்கு ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளிலும் ஆள் எடுத்தார்கள். நிலமும் பிழைப்பும் குறைந்த ஊர்களிலிருந்து வந்த பையன்கள். சம்பளம் கிடைக்கிறதே என்று கப்பல் ஏறியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

1791இல் மூன்றாம் மைசூர் போர் உச்சத்தில் இருந்தது. மார்ச் மாதம் பெங்களூர் கோட்டை கார்ன்வாலிஸ் கைக்கு வந்துவிட்டது. ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும். ஆனால் அவருடைய படைக்கு அரிசியும் மாடும் வர வேண்டியது கர்நாடிக் சமவெளியிலிருந்து, பாரமகால் வழியாக. பாரமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம். இன்று லாரிகள் வரிசை கட்டிப் போகிற அதே பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சப்ளை லைனை அறுக்கத்தான் திப்பு சுல்தான் ஒரு படையை பாரமகாலுக்கு அனுப்பினார். அதை விரட்டும் பொறுப்பு 74வது படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் ஹாமில்டன் மேக்ஸ்வெல்லிடம் வந்தது.

அக்டோபர் 31 அன்று அவர் பென்னாகரம் கோட்டையை ஏணி போட்டு ஏறிப் பிடித்தார். ஒரே வாரத்தில் கிருஷ்ணகிரிக்கு அருகே முகாம்.

ஏன் பதுங்குகுழி வெட்டவில்லை?

அந்தக் காலத்தில் ஒரு பெரிய கோட்டையைப் பிடிக்க ஒரு ஃபார்முலா இருந்தது. தூரத்திலிருந்து மண்ணை வெட்டி, வளைந்து வளைந்து பதுங்குகுழிகள் போட்டுக்கொண்டே சுவரை நெருங்க வேண்டும். பீரங்கியைப் பக்கத்தில் கொண்டுவந்து சுவரை உடைக்க வேண்டும். நேராக வெட்டினால் மேலிருந்து வரும் குண்டு குழியின் நீளத்துக்கும் பாய்ந்துவிடும், அதனால்தான் அந்த வளைவு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பின்னாளில் நடந்தது இதுதான்.

கிருஷ்ணகிரியில் அது நடக்காது. மலை முழுக்கப் பாறை. கடப்பாறை இறங்கினால்தானே குழி? எனவே இரண்டே வழி: சுற்றி வளைத்துப் பட்டினி போடுவது, இல்லையென்றால் இருட்டில் ஏணியோடு ஓடிப் போய் ஏறிவிடுவது. மேக்ஸ்வெல்லிடம் காத்திருக்க நேரம் இல்லை.

அந்த இரவு

நவம்பர் 7. பௌர்ணமிக்கு இன்னும் மூன்று, நான்கு நாட்களே இருந்ததால் நல்ல நிலவு. திடீர்த் தாக்குதலுக்கு இதைவிட மோசமான இரவைத் தேர்ந்தெடுக்க முடியாது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் முதல் கட்டம் சுலபமாக முடிந்தது. மலையடிவாரத்தில் இருந்த பேட்டையும் கீழ்க்கோட்டையும் கைக்கு வந்தன. அங்கிருந்து தப்பிய காவல் வீரர்கள் மேல்கோட்டையை நோக்கி ஓட, ஹைலேண்டர்கள் அவர்கள் முதுகை ஒட்டியே துரத்தினார்கள். வாசல் படி வரைக்கும் போய், அங்கே ஒரு கொடியையும் பறித்தார்கள். ஆனால் சில நொடி வித்தியாசத்தில் கதவு சாத்தப்பட்டது.

ஏணிகளோ வெகு பின்னால் வந்துகொண்டிருந்தன.

மேலே இருந்தவர்கள் துப்பாக்கியைவிட மலையைத்தான் அதிகம் நம்பினார்கள். பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். செங்குத்தான சரிவில் அது வேகம் பிடித்து, வழியில் மோதிச் சிதறி, ஏணியையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு இறங்கியது. ஒதுங்க இடமில்லை, பதுங்கக் குழியில்லை. நிலா வெளிச்சத்தில் கீழே நிற்பவர்கள் மேலே இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, மேக்ஸ்வெல் பின்வாங்க உத்தரவிட்டார்.

இத்தனைக்கும் அந்த மலை நாலே மாதத்தில் சண்டையே இல்லாமல் கைமாறியது. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஏழு வருஷம் ஒரு நாட்டு எல்லை ஓடியது!

பதுங்குகுழி வரைக்கும் போன கதை

1799 மே 4 அன்று 74வது படைப்பிரிவு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றது. இந்த முறை நிஜமான பதுங்குகுழிகளில். தாக்குதல் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக விடிவதற்கு முன்பே சிப்பாய்களைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். மே மாத வெயிலில் மதியம் ஒரு மணி வரை காத்திருப்பு. தலைமை தாங்கியவர் டேவிட் பேர்ட். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் சுமார் மூன்றரை வருஷம் கிடந்தவர். அன்று மாலைக்குள் திப்பு இறந்திருந்தார்.

1803இல் அசாயே போரில் மராட்டியப் படைகளிடம் இந்தப் படைப்பிரிவு கடும் இழப்பைச் சந்தித்தது. அதன் நினைவாகக் கிடைத்ததுதான் யானை முத்திரை. 1881இல் 74வதும் 71வதும் சேர்ந்து 'ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி' ஆனபோது, யானை அவர்களின் தொப்பிக்கு ஏறியது.

முதல் உலகப் போரில் பிரான்ஸின் சேற்றுக் குழிகளுக்குள் கிளாஸ்கோ இளைஞர்கள் இறங்கியபோது நெற்றியில் அந்த இந்திய யானை இருந்தது. 1914 டிசம்பரில் கிவென்ஷியில் இதன் முதலாம் பட்டாலியன், இந்தியாவிலிருந்து போன சிர்ஹிந்த் பிரிகேடின் ஒரு பகுதியாகவே போரிட்டது.

1916 நவம்பர் 18, சோம் போரின் கடைசி நாள். கிருஷ்ணகிரி இரவு முடிந்து 125 வருஷம். இதே ரெஜிமென்டின் 16வது பட்டாலியன், 'பாய்ஸ் பிரிகேட்' என்ற சிறுவர் அமைப்பில் ஒன்றாக வளர்ந்த கிளாஸ்கோ பையன்களைக் கொண்டு திரட்டப்பட்டது. பனியில் தாக்கப் போனார்கள். ஒரு சிறு குழு மட்டும் ஜெர்மானியரின் 'ஃப்ராங்ஃபர்ட்' பதுங்குகுழிக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் வந்திருக்க வேண்டிய படை வரவில்லை. செத்தவர்களின் பைகளிலிருந்து தோட்டாவையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, சரணடையச் சொன்னபோதும் மறுத்து, ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். மீட்கப் போன முயற்சியும் தோற்றது. கடைசியில் ஜெர்மானியர்கள் குழிக்குள் இறங்கியபோது, காயமில்லாமல் எழுந்து நிற்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள்.