'விட்டுட்டான்' என்ற பிறகு வரும் இரண்டு வாரங்கள்

2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்வீடனிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. மொத்தமே 40 பேர். எல்லோரும் ஹெராயினுக்கு அடிமையானவர்கள். குலுக்கல் முறையில் 20, 20 ஆகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு பூப்ரனார்ஃபின் மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். தினமும் 16 மில்லிகிராம், ஒரு வருடம் முழுக்க. இரண்டாவது குழுவுக்கும் அதே மருந்துதான், ஆனால் ஆறே நாள். படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. மற்றதெல்லாம் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான்: குழு சிகிச்சை, வாராவாரம் தனி ஆலோசனை, வாரம் மூன்று தடவை சிறுநீர்ப் பரிசோதனை.

ஒரு வருடம் கழித்து முதல் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவது குழுவில் ஒருத்தர்கூட இல்லை. அவர்களில் நாலு பேர் இறந்தே போயிருந்தார்கள். 20-ல் நாலு!

கவனிக்க வேண்டியது என்னன்னா, இரண்டாவது குழுவுக்குக் கிடைத்தது ஒன்றும் மட்டமான சிகிச்சை இல்லை. 'உடம்பைச் சுத்தம் பண்ணி, புத்தி சொல்லி, கண்காணிக்கணும்' என்று நாம் நினைக்கிற எல்லாமே அவர்களுக்கும் கிடைத்தது. மருந்து மட்டும்தான் இல்லை. (நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மருந்து விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியது உங்கள் மனநல மருத்துவர்தான்.)

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க, மூளைக்குள் கொஞ்சம் போகணும்.

நம்ம குருமாவில் அரைத்துப் போடுகிற கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதிலிருந்து மார்ஃபின். மார்ஃபினைக் கொஞ்சம் மாற்றினால் ஹெராயின். 1898-ல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்தாகவே விற்றது. இவையெல்லாம் மூளையில் உள்ள 'மியூ' ஏற்பி என்ற பூட்டைத் திறக்கிற சாவிகள். நம் உடம்பே தயாரிக்கிற எண்டார்ஃபினுக்கான பூட்டு அது. வலி குறைகிறது, சுகம் வருகிறது. ஆனால் அதே பூட்டு மூளைத்தண்டில், மூச்சைக் கட்டுப்படுத்துகிற இடத்திலும் இருக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் 'மூச்சு விடு' என்று கத்துகிற அலாரத்தின் சத்தத்தை இந்த மருந்துகள் குறைத்துவிடுகின்றன. அளவு மீறினால் ஆள் தூங்குகிற மாதிரியே இருப்பார், மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும். அபின் வகைச் சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

தினமும் எடுத்தால் மூளை சும்மா இருக்காது, ஈடுகட்டும். சர்வரில் லோடு ஏறினால் ஆட்டோ ஸ்கேலிங் நடக்கிற மாதிரி, எதிர்த்திசையில் இழுக்கிற வேலைகளைக் கூட்டிக்கொள்ளும். அதனால் நேற்றைய அளவு இன்றைக்குப் போதாது. இதுதான் தாங்குதிறன். பழகிய ஆள், புது ஆளைக் கொன்றுவிடக்கூடிய அளவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போவார். திடீரென்று நிறுத்தினால் ஈடுகட்டல் மட்டும் தனியாக ஓடும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் வலி, தூக்கமே வராது. ஹெராயின் என்றால் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நரக வேதனை. ஆனால் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து அதற்கப்புறம். ஈடுகட்டலும் அடங்கிவிட்டது, அதாவது தாங்குதிறன் போய்விட்டது. ஆசை போகவில்லை. கையும் மனசும் பழைய அளவைத்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன. மூச்சு மையம் இப்போது புது ஆளுடையது மாதிரி. ஒரே ஒரு தடவை, பழைய அளவு. முடிந்தது.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மீறிய போதையால் சாகும் வாய்ப்பு அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு! சிறைக்குப் பதிலாக மருத்துவமனை, மறுவாழ்வு மையம் என்று போட்டுக்கொண்டாலும் உடம்புக்குள் நடக்கிற கணக்கு அதேதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஷெப்பர்ட் சீகல் என்ற கனடா உளவியலாளர் 1982-ல் எலிகளை வைத்துக் காட்டியது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பெரிய டோஸை வழக்கமான அறையில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு செத்தன. அதே டோஸைப் பழக்கமில்லாத அறையில் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு செத்தன. தாங்குதிறனின் ஒரு பகுதி இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஊசியால் வரும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, இதய வால்வில் தொற்று, தீராத மலச்சிக்கல் இதெல்லாம் ஓரளவு தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன்.

சரி, சிகிச்சை. 1965-ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மாரி நிஸ்வாண்டர் இருவரும் 22 பேருக்கு மெத்தடோன் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்கள். மெத்தடோனும் அதே பூட்டின் சாவிதான். ஆனால் ஒரு நாள் முழுக்க நிற்கும், ஏற்ற இறக்கம் இல்லை, அடுத்த டோஸுக்காக ஓட வேண்டியதில்லை. பூப்ரனார்ஃபின் இன்னும் சாமர்த்தியமானது. பூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாதி மட்டும்தான் திறக்கும். டோஸைக் கூட்டினாலும் மூச்சைத் தாழ்த்துவது ஓர் அளவோடு நின்றுவிடும் (மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போச்சு). பூட்டில் அது உட்கார்ந்திருக்கும்போது மேலே ஹெராயின் போட்டாலும் பெரிதாக ஏறாது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பார்கள். குடும்பத்தார் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியால் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்களே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. சர்க்கரை நோயாளியிடம் 'எத்தனை நாளைக்கு இன்சுலின்?' என்று கேட்டால் 'தேவைப்படும் வரை' என்போம். இங்கே மட்டும் காலண்டரைப் பார்க்கிறோம். பிரான்சில் 1995-லிருந்து சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பூப்ரனார்ஃபின் எழுதிக்கொடுக்க அனுமதி வந்தது. 1999-க்குள் அளவு மீறிய போதைச் சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் அங்கும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. சாவு குறைந்தது என்பதும் உண்மை.

நம்ம ஊருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு வருடத்துக்குள் அபின் வகையைப் பயன்படுத்தியவர்கள் 2 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பையன்களைப் பற்றிய செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அதுவும் இதே பூட்டின் சாவி. நமக்குப் பழக்கமானது குடிநோய், நமக்குத் தெரிந்த சிகிச்சை குடி மறுவாழ்வு மையம். அந்த அச்சிலேயே இவர்களையும் வார்க்கிறோம்: ஒரு மாதம் உள்ளே, பிறகு வெளியே, 'இனிமே தொடமாட்டான்'. வீடு நிம்மதியாகத் தூங்குகிற அந்த வாரத்தில்தான் விழித்திருக்கணும். அரசு நடத்தும் பல சிகிச்சை மையங்களில் பூப்ரனார்ஃபின் இலவசமாகவே தருகிறார்கள். எங்கே போவது என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

வெளியே வந்தவர் வழுக்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி கரகரவென்று மூச்சு, உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசிமுனை அளவு. இப்படிப் பார்த்தால் 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மூச்சு இருந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தார் என்பதைப் போலீசுக்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து அந்தச் சாவியைப் பூட்டிலிருந்து தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் ஆளை எழுப்பிவிடும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், உள்ளே போன போதை அதைவிட அதிக நேரம் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்' என்பார். அனுப்பாதீர்கள்.