மாவுப்பூச்சியா, அதைத் தின்னும் புழுவா? வரைந்தால் தெரியும்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி ஒன்றியத்தில் நாகர்கூடல் என்ற ஊர் இருக்கிறது. கட்டிடக் கலை படித்த மீனாட்சி, உமேஷ் தம்பதி 1990களின் தொடக்கத்தில் இங்கு வறண்ட நிலம் வாங்கிக் குடியேறினார்கள். மண் சுவர் எழுப்பி, மரம் வளர்த்து, மானாவாரிப் பயிர் செய்தார்கள். தங்கள் குழந்தைகளுக்கும் ஊர்க் குழந்தைகளுக்குமாக அவர்கள் தொடங்கியதுதான் 'புவிதம்' கற்றல் மையம். வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். மண், நீர், காற்று, சூரியன் என்று பஞ்சபூதங்களை ஒட்டியே பாடத்திட்டம். தோட்ட வேலையும் கைவேலையும் அங்கே பாடவேளைக்குள்ளேயே வருகின்றன.

பள்ளிக்கூடச் செய்திக்கு விவசாயப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு வெள்ளைப் புழுவை வைத்துச் சொல்கிறேன்.

மரவள்ளி, பப்பாளி, செம்பருத்தி ஆகியவற்றில் மாவுப்பூச்சி வந்தால் எல்லோருக்கும் தெரியும். அதே கூட்டத்துக்குள் அதைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகளுடன் இன்னொன்று இருக்கும். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து, அதைப் பார்த்த மறுநாளே மருந்து அடிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்பதுதான் அதன் பிழைப்பு. மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பித்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. மாவுப்பூச்சி நீள்வட்டமாக இருக்கும், ஓரத்தில் குட்டையான இழைகள் வரிசையாக இருக்கும், அதிகம் நகராது. பொறிவண்டுப் புழுவின் இழைகள் நீளமாகக் கலைந்த தலைமுடிபோல் இருக்கும்; குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். இதைக் கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், வயலுக்குப் போனதும் மறந்துவிடும். ஒரு முறை பென்சிலால் வரைந்தவர் மறப்பதில்லை. வரைய வேண்டுமானால் கால் எத்தனை, இழை எங்கே முடிகிறது என்று கண் தேடித்தான் ஆக வேண்டும்.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நெல்லில் புகையான் தாக்குதல் பெருகியதால் இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 1989இல் அங்கே தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. அதன் உயிரே படம்தான். ஐந்தைந்து பேராக வயலில் இறங்கி, செடியைப் பார்த்து, ஒரு பெரிய தாளில் செடியை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று எண்ணிக்கையோடு வரைவார்கள். வெயிலா மேகமா என்பதும் படத்தில் வரும். மருந்து தேவையா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். நம் ஊரிலும் இந்த முறை நடைமுறையில் உண்டு. ஆனால் நான் பார்த்த சில பயிற்சிகளில் முந்தைய நாள் இரவே அலுவலர் வரைந்து வைத்த தாள்தான் சுவரில் தொங்கியது. விவசாயி கையில் பென்சில் போகவே இல்லை. பிறகு அது எப்படி வயல்வெளிப் பள்ளி ஆகும்?

அந்தப் பென்சிலைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1890களில் விவசாயம் நொடித்து, கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குக் கிளம்பியபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி கிராமப் பள்ளிகளில் இயற்கைப் பாடத்தைப் பரப்பினார். அதற்கான செலவு வேளாண் விரிவாக்க நிதியிலிருந்துதான் போனது. சென்னை அடையாற்றில் 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவிலும் மாணவர்களுக்கு இயற்கை வகுப்புகள் நடந்திருக்கின்றன. நல்லம்பள்ளிக்கு அத்தனை ஏக்கர் வேண்டாம். பள்ளித் தோட்டமோ பஞ்சாயத்துப் பூங்காவோ போதும். ஓவிய ஆசிரியர் ஒருவர், பயிர் தெரிந்த ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து நடத்தினால் நல்லது. பயிர் தெரிந்தவர் அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. களையெடுத்துப் பழகிய அம்மா ஒருவரே போதும்.

வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு செடி. வாரா வாரம் அதே செடி. முதல் இருபது நிமிடம் பேச்சில்லை, பெயரும் சொல்லக் கூடாது. பெயர் தெரிந்தவுடன் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காமல், "இந்த இலையில் ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்க வேண்டும்.

வண்ணம் இன்னும் சுவையான பாடம். பச்சையை மூன்று விதமாகக் கலக்கச் சொல்லிப் பாருங்கள். அடி இலை வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறை. நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையில் இது அடிக்கடி வரும். நெல்லுக்கு யூரியா இடுவதற்கு நாம் பயன்படுத்தும் இலை வண்ண அட்டையும் இதே கண்பயிற்சிதான். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே போனால் உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. ஓவியம் பழகிய பிள்ளை அந்த அட்டையை நம்மைவிட நன்றாகப் படிக்கும்.

வண்ணத்துக்குக் கடைக்கும் போக வேண்டாம். செம்மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் நிற்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி ஒரு நாள் ஆனாலும் கலங்கலாகவே இருக்கும். மண் எந்த வகை என்று அங்கேயே தெரிந்துவிடும். களிப்பகுதியைத் துணியில் வடித்து, கருவேலம் பிசின் கரைத்துச் சேர்த்தால் நல்ல காவி வண்ணம். அப்படியே அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய், மண்டப விதானத்தில் இருக்கும் பழைய ஓவியங்களைக் காட்டலாம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மருந்து அடித்த வயலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. பூங்காக்களில் அரளி நிறைய இருக்கும். அதன் எல்லாப் பாகமும் விஷம். கைவேலைக்குக் குன்றிமணியும் ஆமணக்கு விதையும் எடுக்காதீர்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆடிப்பட்டத்தில் அவரை ஊன்றும்போதே நோட்டைத் தொடங்கிவிட்டால் வசதி. பூக்கும் பருவத்தில் கொழுந்தில் அசுவினி ஏறும். அதைப் பார்த்துப் பொறிவண்டு வரும். அதன் புழு கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியுடன் குட்டி முதலைபோல் இருக்கும். முதலில் பார்ப்பவர் அதையும் கெட்ட பூச்சி என்றுதான் சொல்வார். அந்த வாரத்துப் பக்கத்தைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அப்பா தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் அவர் கண்ணில் அது பட வேண்டும்.