சுவீகாரப் பூனைக்குட்டி



நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறையாக விளங்கிய நாளில், கடலடியிலுள்ள முத்துப்பார்களில் நினைத்தபோதெல்லாம் குளித்துவிட மாட்டார்கள். முதலில் சில சிப்பிகளை மட்டும் எடுத்து, அவை முதிர்ந்தனவா என்று சோதிப்பார்கள். முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். 1961ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும், பருவம் பார்த்து எடுக்க வேண்டும் என்னும் பாடம் நின்றுபோகவில்லை. ஒரு பூனைக்குட்டியின் பொருட்டு அப்பாடத்தை நான் காலங்கடந்து கற்றேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில், கடற்கரையருகே சாக்குப்பையில் எவரோ விட்டுச்சென்ற குட்டியொன்றை எடுத்து வந்தேன். கண் திறந்து சில நாட்களே இருக்கும். பசும்பாலை ஊட்டினேன். வயிற்றுப்போக்குக் கண்டு, மூன்றாம் நாள் அது இறந்தது. என்னிடம் இரக்கம் இருந்தது, அறிவு இல்லை.

பின்னர் என் பேத்தி வேறொரு குட்டி வேண்டினாள். கால்நடை மருத்துவர் ஓர் அம்மையாரின் இல்லத்துக்கு வழி காட்டினார். ஆதரவற்ற குட்டிகளை, உரியவர் கிடைக்கும் வரை தம் வீட்டிலேயே வைத்து வளர்ப்பவர் அவர். அங்கே மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விளையாடின. ஒன்றைக் கேட்டேன். “எட்டு வாரம் நிறையட்டும், ஐயா” என்றார்.

அதன் காரணம் யாது? பிறந்த குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. பசும்பாலும் அதற்கு ஏற்றதன்று. தாய்ப்பாலோ, அதற்கு மாற்றாகச் செய்யப்படும் பால்மாவோதான் வேண்டும். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை அதன் மனம் பக்குவப்படும் பருவம். அப்போது மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதரை அஞ்சுவதில்லை. உடன்பிறந்தவற்றோடு விளையாடுகையில், அளவு மீறிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிக்கொள்ளும். அவ்வாறே கடியின் அளவு விளங்குகிறது. ஆகவே, விளையாட்டே குட்டியின் பள்ளிக்கூடம். அந்த வளர்ப்பு வீடே அதன் ஆரம்பப் பாடசாலை.

வீட்டுக்கு வந்த பின் ஆசிரியர் நாமே. நம் விரலை விளையாட்டுப் பொருளாக்கலாகாது. காகித உருண்டை போதும். நூலையும் தூண்டில் நரம்பையும் எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலை அறுக்கும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும், சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பருவம் வந்ததும் கருத்தடை செய்வித்தால், சாக்குப்பைக் குட்டிகள் குறையும்.

சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் அவர்கள் புளூ கிராஸ் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் எடுத்த முயற்சியின் பயனாக, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் இரையாகக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். எனவே சுவீகாரம் என்பது ஒருநாள் ஆசையன்று. பதினைந்து ஆண்டுப் பொறுப்பு. அதனை ஏற்க இயலுமா என்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

நாங்கள் எட்டு வாரம் காத்திருந்தோம். இதனை நான் எழுதும்போது, அந்தக் குட்டி என் பேனாவின் நிழலைத் துரத்திக்கொண்டிருந்தது.