மின்சாரக் கார் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் இந்நாளில், கார் வாங்க எண்ணும் குடியானவர் பலர் மின்சாரக் காரைப் பற்றி விசாரிக்கின்றனர். ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடமும் இக்கேள்வி வருவதுண்டு. கடன் பெற்றோ, ஒரு போகத்து வருவாயை ஒதுக்கியோ வாங்கப்படும் பொருள் ஆதலின், விற்பவர் சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. நம் நாட்டில் விற்பனையாகிவரும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 2023இல் வெளிவந்த எம்.ஜி. காமெட். இரண்டாவது, 2022இல் வந்த டாட்டா டியாகோ. மூன்றாவது, 2024 தொடக்கத்தில் வந்த டாட்டா பஞ்ச். காமெட்டின் பாட்டரி 17.3 யூனிட் மின்சாரம் கொள்ளும். டியாகோவின் பெரிய பாட்டரி 24 யூனிட்டும், பஞ்ச் வெளிவந்தபொழுது அதன் பெரிய பாட்டரி 35 யூனிட்டும் கொள்வன. நம் வீட்டு மீட்டரில் ஓடுகின்ற அதே யூனிட்தான் இது.

ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை தூரம் ஓடும்? வெளிவந்தபொழுது அறிவிக்கப்பட்ட அளவுகள் முறையே 230, 315, 421 கிலோமீட்டர். இவை சோதனைக் கூடத்தில், வகுத்த வேகத்தில் ஓட்டிக் கண்டவை. குளிர்சாதனம் போட்டு, நான்கு பேரை ஏற்றி, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்பொழுது அத்தூரம் கிடையாது. அறிவித்ததில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொள்வது விவேகம். அதாவது ஏறக்குறைய 150, 210, 280 கிலோமீட்டர். பெட்ரோல் கார் ஊருக்குள் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மின்சாரக் காரில் நிலைமை தலைகீழ். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; ஆனால் ஊருக்குள் பிரேக் பிடிக்கும்பொழுது மோட்டாரே மின் உற்பத்திப் பொறியாக மாறி, விரயமாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தஞ்சைக்குச் சென்று மாலையில் திரும்புபவருக்கு மூன்று வண்டிகளும் போதும். போகவர நூறு கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறையத்தான் ஆகும். தஞ்சையிலிருந்து சென்னை செல்பவருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆவதால், பஞ்ச் வண்டியும் வழியில் ஒருமுறை நின்றே தீரவேண்டும். டியாகோ, பஞ்ச் இரண்டும் விரைவு மின்னேற்று நிலையத்தில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். காமெட்டுக்கு அவ்விரைவு வசதி கிடையாது. தொலைதூரப் பயணத்துக்கு அதனை எண்ணாமல் விடுவதே நன்று.

வீட்டில் மின்னேற்றும் செய்திதான் கிராமத்தாருக்கு முக்கியமானது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் காமெட்டுக்குச் சுமார் 7 மணி நேரமும், டியாகோவுக்கு ஏறக்குறைய 9 மணி நேரமும், பஞ்சுக்குப் பதின்மூன்று மணிக்கு மேலும் ஆகும். இத்தனை நேரமும் 14 ஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாது பாயும் என்பதை மறத்தல் கூடாது. பழைய வயரிங்கில், மிக்ஸிக்குப் போட்ட பிளக்கில், நீட்டிப்புக் கம்பி கொண்டு இதைச் செய்தால் கம்பி சூடேறித் தீப்பற்றும் அபாயம் உண்டு. மெயின் சுவிட்சிலிருந்து தனியாகத் தடித்த செம்புக் கம்பி இழுத்து, தனி பிரேக்கரும் மின்கசிவு துண்டிப்பானும் பொருத்தவேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் இவ்வண்டிகள் மின்சாரத்தை ஏற்கவே மறுக்கும். அது வண்டியின் கோளாறு அன்று. நம்மைக் காக்கும் ஏற்பாடு.

வயலில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே, அதில் ஏற்றினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். விவசாய இணைப்பைக் காருக்குப் பயன்படுத்துவது விதிமீறல். இணைப்புக்கே கேடு வரும். வீட்டு இணைப்பில் ஏற்றும்பொழுதும், இரு மாதக் கணக்கில் யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறுமாதலால், காருக்கு ஆகும் யூனிட்டுகள் உயர்ந்த படியில்தான் விழும்.

இடவசதியில் காமெட் மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளமுடையது. இரண்டே பக்கக் கதவுகள், நால்வர் இருக்கை; நால்வரும் அமர்ந்தபின் ஒரு விதைமூட்டைக்கு இடம் தேடவேண்டும். அதன் சிறு சக்கரங்கள் நகரத் தெருவுக்கு ஏற்றவை. மழைக்காலத்து மண்சாலைக்கு அல்ல. டியாகோவின் சாமான் அறை 240 லிட்டர், பஞ்சினது 366 லிட்டர். பஞ்சின் அடிப்பாகம் தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது களத்துமேட்டுக்குச் செல்பவர்க்குப் பெரிய அனுகூலம். நம் கருத்தில், கிராமக் குடும்பத்துக்கு இம்மூன்றில் இதுவே பொருத்தமானது, விலை கட்டுமானால்.

விலைதான் இறுதிக் கேள்வி. டியாகோ போன்ற வண்டியின் பாட்டரி நிறைய, மின் விரயமும் சேர்த்து 27 யூனிட் என்றும், யூனிட் 8 ரூபாய் என்றும் கொள்வோம். 216 ரூபாயில் சுமார் 200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூபாய் 1.08. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ரூபாய் 5.55 ஆகிறது. மிச்சம் நாலரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 3 இலட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டால், அதனை மீட்க 67,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வியாபாரிக்கு நான்கு ஆண்டுக்குள் இது கைகூடும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ பதினோர் ஆண்டு கடந்துவிடும். டியாகோ வெளிவந்தபொழுது பாட்டரிக்கு அளிக்கப்பட்ட உத்தரவாதமோ எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர்தான். என்ஜின் ஆயில், கிளட்ச் முதலிய செலவுகள் இல்லாமை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் கடனுக்கு வட்டியும் உண்டல்லவா!

பாட்டரியைத் தனியே பிரித்து, ஓடும் தூரத்துக்கேற்பப் பணம் கட்டும் முறையும் உண்டு. 2024 செப்டம்பரில் காமெட் இவ்வகையில் ரூபாய் 4.99 இலட்சத்துக்கும், கிலோமீட்டருக்கு ரூபாய் 2.50 வீதமும் அறிவிக்கப்பட்டது. மின்சாரத்தையும் கூட்டினால் மிச்சம் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மாதந்தோறும் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டவேண்டும் என்னும் நிபந்தனை உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தபிறகே கையெழுத்திட வேண்டும்.

ஊராட்சி மன்றத்தார்க்கு ஒரு செய்தி. மின்னேற்று நிலையம் நடத்தத் தனி உரிமம் வேண்டுவதில்லை என்று மத்திய மின்துறை 2018இலேயே தெளிவுபடுத்தியுள்ளது. நெடுஞ்சாலையை ஒட்டிப் பொது இடம் வைத்திருக்கும் ஊராட்சிகள், குத்தகை வருவாய்க்கு இதனையும் ஒரு வழியாக ஆலோசிக்கலாம். முதலில் அவ்விடத்து டிரான்ஸ்பார்மர் அச்சுமையைத் தாங்குமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.