செய்திப் பங்கு ஒவ்வாமை வழு

செய்திப் பங்கு ஒவ்வாமை வழு என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர் நிரலகம் ஒன்று அனுப்பும் செய்திகளின் பங்குப் பெயரையோ அவற்றின் வரிசையையோ மொழி மாதிரியின் வழங்கி ஏற்காததால் எழும் வழு ஆகும். பங்கு என்பது ஒரு செய்தி யாருடையது என்பதைக் காட்டும் குறிச்சொல்.

தோற்றம்

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 மார்ச்சில் வெளியிட்ட உரையாடல் இடைமுகத்தில் சிஸ்டம், யூசர், அசிஸ்டென்ட் என்னும் மூன்று பங்குகள் இருந்தன. அவ்வாண்டு ஜூனில் ஃபங்ஷனும், நவம்பரில் அதற்கு மாற்றாக டூலும் வந்தன. 2024 டிசம்பரில் ஓ1 மாதிரிக்குச் சிஸ்டத்தின் இடத்தில் டெவலப்பர் அறிமுகமானது. பிற நிறுவனங்களில் சில இவ்வழியே செல்லவில்லை. ஜெமினியில் அசிஸ்டென்ட்டின் பெயர் மாடல். மிஸ்ட்ரலின் தொடக்ககால வார்ப்புருக்கள் யூசரும் அசிஸ்டென்ட்டும் மாறி மாறி வராவிடில் பிழை காட்டின. முதல் ஜெம்மாவின் வார்ப்புரு சிஸ்டம் பங்கையே மறுத்தது. ஓப்பன்ஏஐ இடைமுகத்துடன் இணக்கமானவை எனக் கூறிக்கொண்ட வழங்கிகளிலும் டெவலப்பர் என்ற சொல்லைக் கண்டதும் பிழை காட்டியவை உண்டு. இணக்கம் என்னும் சொல்லை நிரலர் முழுதும் நம்பாதிருத்தல் நன்று.

திருத்தம்

பிழைச்செய்தி மறையும்வரை பங்கின் பெயரை மாற்றிப் பார்ப்பது பரவலான குறுக்குவழி. இது தீங்கானது. செந்துறையில் நாளை மழை பெய்யுமா என்று பயனர் ஒருவர் முகவரிடம் கேட்பதாகக் கொள்வோம். முகவர் ஒரு வலைப்பக்கத்தைப் படித்து, அதன் உரையை டூல் செய்தியாகச் சேர்க்கிறது. டூல் பங்கை அறியாத வழங்கிக்காக நிரலகம் அதனைச் சிஸ்டம் என மாற்றினால் பிழை நீங்கிவிடும். ஆனால் பயனரின் மின்னஞ்சல்களை வேறொருவருக்கு அனுப்புமாறு அப்பக்கத்தில் எவரேனும் எழுதி வைத்திருந்தால், அவ்வரி தரவாக அன்றி ஆணையாகவே மாதிரியைச் சென்றடையும். மாறாக, சிஸ்டம் செய்தியை யூசராக்கினால் முகவரின் வரம்புகள் வெறும் வேண்டுகோளாகிவிடும். உரையாடல் நீளும்போது பழைய யூசர் செய்திகளை வெட்டும் நிரலகங்களில் அவ்வரம்புகள் அடியோடு காணாமலும் போகலாம்.

ஆகவே நிரலகத்தினுள் பங்குகளை ஒரே வடிவில் வைத்து, செய்தி வெளியேறும் இடத்தில் மட்டும் அந்தந்த வழங்கிக்கேற்ப மாற்றுவதே முறையாகும். அவ்விடத்தில் டெவலப்பரைச் சிஸ்டமாக மாற்றலாம். அடுத்தடுத்து வரும் ஒரே பங்கின் செய்திகளை இணைக்கலாம். டூலின் விடையை மட்டும் அதனைக் கோரிய அழைப்பின் அடையாள எண்ணிலிருந்து பிரிக்கலாகாது. பங்கு அறியப்படாததாயின் ஊகித்து மாற்றாமல் பிழை காட்டி நிறுத்த வேண்டும். போலி வழங்கிகள் பொதுவாக எப்பங்கையும் ஏற்பதால், அவற்றைக்கொண்டு நடத்தும் சோதனைகளில் இவ்வழு தென்படாது. பங்கை மறுக்கும் வார்ப்புரு ஒன்றையேனும் சோதனையில் சேர்ப்பது அவசியம்.