அணைந்த விளக்கும் தீர்ந்த பழுதும்

காரில் மஞ்சள் நிற ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பி0420 என்று வருகிறது. சர்வீஸ் சென்டரில் ஒரு பாகத்தையும் கழற்றாமல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியுவின் சாஃப்ட்வேரை மட்டும் புதுப்பித்து, விளக்கை அணைத்துக் காரைத் திருப்பித் தருகிறார்கள். இதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்கலாமா? ஏற்கலாம். ஆனால் புதிய சாஃப்ட்வேரில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பது பில்லோடு எழுத்தில் வர வேண்டும். அது இல்லாதவரை, பழுது போனதா, பழுதைச் சொல்லும் வாய் மூடப்பட்டதா என்று காரின் உரிமையாளரால் பிரித்தறிய முடியாது.

பி0420 என்பது, எஞ்சின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான குறியீடு. ஆனால் கன்வர்ட்டரின் தேய்மானத்தைக் காரில் எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று இருக்கின்றன. முன்சென்சாரின் அளவீடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்து, தேவைப்படும்போது விடுவதால், பின்சென்சார் பெரும்பாலும் நிலையாக நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது என்று இசியு ஊகிக்கிறது. எவ்வளவு ஆடினால் தளர்ச்சி என்ற எல்லையை வகுத்தவர் மனிதர்தான். அந்த எல்லை தேவைக்கு மேல் கறாராக இருந்தால், நல்ல கன்வர்ட்டரும் குற்றவாளி ஆகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் அடங்கிய விலையுயர்ந்த அந்தப் பாகத்தை மாற்றியும் சில மாதங்களில் விளக்கு மறுபடி எரியலாம். அங்கே சாஃப்ட்வேர்தான் சரியான மருந்து. புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ கன்வர்ட்டர் உண்மையிலேயே செத்திருந்தாலோ, அதே எல்லையைத் தளர்த்துவது சாட்சியை மிரட்டுவதற்குச் சமம். இரண்டு வேலைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சாஃப்ட்வேரை மாற்றினால் இரும்பு எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்களுக்கு டொயோட்டா பிரியஸ் நல்ல பதில். 2014 பிப்ரவரியில் மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்கள் சுமார் 19 லட்சத்தை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. வேகமாக முடுக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகும்படி சாஃப்ட்வேர் அமைந்திருந்தது. அவை சேதமடைந்தால் எச்சரிக்கை விளக்குகள் எரியும், காரின் சக்தி குறையும், அரிதாக வண்டியே நின்றுவிடும். பாகத்தின் மேல் சுமையை ஏற்றியது சாஃப்ட்வேர் என்பதால், அதைத் திருத்திச் சுமையைக் குறைப்பது உண்மையான வைத்தியம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018 அக்டோபரில் சுமார் 24 லட்சம் ஹைபிரிட் கார்களை மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. கோளாறு வந்தால் குறைந்த சக்தியில் பத்திரமாக ஓட வேண்டிய ஏற்பாடு, சில அரிதான வேளைகளில் இயங்காமல் போகும் என்று தெரியவந்தது. முந்தைய தீர்வு இந்த நிலைமையை எதிர்பார்க்கவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஃபோக்ஸ்வேகன் விவகாரம் இன்னும் கசப்பானது. சோதனைச்சாலையில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர் அந்நிறுவனத்தின் டீசல் கார்களில் இருப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015 செப்டம்பர் 18 அன்று அறிவித்தது. ஐரோப்பாவில் 2 லிட்டர் எஞ்சின்களுக்குப் புதிய சாஃப்ட்வேரே போதும் என்றார்கள். அந்தத் திருத்தமே பிறகு வழக்காயிற்று. வெளிவெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள்ளும், உயரம் 1,000 மீட்டருக்குக் கீழும் இருந்தால்தான் புகையை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு முழுமையாக இயங்கியது. இதுவும் தடைசெய்யப்பட்ட முடக்கு சாதனமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது. குற்றத்தை நீக்க வந்த அப்டேட்டுக்குள்ளேயே வேறொரு குற்றம் இருந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் குளிரிலும் மலைச்சாலையிலும் அந்தக் கார்களை ஓட்டியவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

விளக்குதான் அணைந்துவிட்டதே, இன்னும் என்ன சந்தேகம் என்று கேட்கலாம். குறியீட்டை அழித்தாலே விளக்கு அணையும். அதோடு இசியுவின் சுயசோதனைகளும் தொடக்க நிலைக்குப் போய்விடும். கன்வர்ட்டர் சோதனை மறுபடி நடக்க, எஞ்சின் சூடேறி, சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடவேண்டும். பி0420 பொதுவாக அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தவறு தெரிந்த பிறகே விளக்கை ஏற்றும். ஆகவே காரை எடுக்கும் நிமிடத்தில் விளக்கு இல்லாதது எதையும் நிரூபிக்காது. அந்தச் சோதனை முடிந்தது என்று ஸ்கேனர் காட்டிய பின்பும் விளக்கு வராமல் இருந்தால்தான் பேச இடமுண்டு.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: சாஃப்ட்வேரின் உள்ளே என்ன இருக்கிறது என்பது நிறுவனத்தின் வணிக ரகசியம், வாடிக்கையாளருக்குக் கொடுத்தாலும் புரியாது. முழு நிரலையும் யாரும் கேட்கவில்லை. நிரலுக்கு ஓர் அடையாள எண்ணும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணும் இசியுவிலேயே இருக்கின்றன. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி-2 என்ற பழுதறியும் முறையின் வழியாக வெகு சாதாரண ஸ்கேனரே இவற்றைப் படிக்கும். பழைய எண், புதிய எண், எந்தக் குறியீட்டுக்காக மாற்றம், பாகம் காப்பாற்றப்படுகிறதா அல்லது எச்சரிக்கை எல்லை தளர்த்தப்படுகிறதா என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் எந்த ரகசியமும் கசியாது. வாரண்டி முடிந்து அந்தக் கார் தெருமுனை மெக்கானிக்கிடம் போகும் நாளில், எந்த நிரல் ஓடுகிறது என்று தெரியாமல் நல்ல சென்சாரை அவர் கழற்றிப் போடாமல் இருக்க அந்த நான்கு வரி போதும்.