நெரிசலில் மட்டும் சூடேறும் எஞ்சின்

நம் சங்கங்களுள் சில, நூல் மூட்டைகளைக் கொண்டுவரவும், நெய்த துணியையும் விளைந்த காய்கறியையும் சந்தைக்கு அனுப்பவும் சொந்தமாகவே வண்டி வைத்திருக்கின்றன. அங்கத்தினர்களுள் கார் வைத்திருப்போரும் உளர். இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்றை இங்கு ஆராய்வோம். சென்னிமலையிலிருந்து ஈரோட்டை அடையும் வரையில் வெப்பம் காட்டும் முள் அசையாமல் நிற்கிறது. ஜவுளிச் சந்தை நாளில் பன்னீர்செல்வம் பூங்கா அருகே வண்டி அங்குலம் அங்குலமாக நகரத் தொடங்கியதும், முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. நெரிசல் நீங்கி வேகமாக ஓடினால் தானே இறங்கிவிடுகிறது.

இவ்வாறு நேரும்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பெருஞ்செலவுக்கு உடன்படுமுன் முள் ஏறியிறங்கும் விதத்தைச் சற்றுச் சிந்திப்பது நலம். கோளாறு இருக்கும் இடத்தை அதுவே பெரும்பாலும் சுட்டிக் காட்டிவிடுகிறது.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. வண்டி வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரில் புகுந்து செல்லும். விசிறிக்கு வேலை இராது. வண்டி ஊர்ந்தாலோ நின்றாலோ, காற்றை இழுக்க விசிறி ஒன்றுதான் துணை. ஆகவே, வேகத்தில் குளிர்ந்து நெரிசலில் சூடேறும் வண்டியில் முதல் ஐயம் விசிறியின் மேலும், அது இழுக்கும் காற்றின் வழியின் மேலும் எழ வேண்டும். வேகமாக ஓடும்போதும் முள் ஏறுமாயின், நீர்க்குறைவு, அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

1957 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாசிடர் காரின் பழைய மாதிரிகளில் எஞ்சினே பெல்ட்டின் வழியாக விசிறியைச் சுழற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும். பெல்ட் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 1983-இல் வந்த மாருதி முதலாக, எஞ்சின் குறுக்கே பொருத்தப்பட்ட கார்களில் மின்விசிறி வழக்கமாயிற்று. இது வெப்பம் ஓர் அளவைக் கடந்ததும் தானே சுழலத் தொடங்குவது.

மின்விசிறியைச் சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போடுக. பெரும்பாலான கார்களில் விசிறி சுழல வேண்டும். ஏ.சி. இல்லாவிடில் முள் பாதியைச் சிறிது கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்பொழுதும் சுழலவில்லையெனில் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. இரண்டும் சரியாயின், பேட்டரியிலிருந்து விசிறி மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். சுழன்றால் மோட்டார் நல்லது; கோளாறு வெப்பமறியும் சென்சாரிலோ கம்பியிலோ உள்ளது. சுழலாவிடில் மோட்டாரே பழுது. இவ்விசிறி எஞ்சின் நின்ற பின்னும் திடீரெனச் சுழலக்கூடும். கையை அருகில் கொண்டுபோகலாகாது.

விசிறி சுழன்றும் பயனில்லாத வண்டிகளும் உண்டு. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் விசிறி எதிர்ப்புறம் சுழன்று காற்றை முன்னே தள்ளும். ரேடியேட்டர் பின்னே அமைந்த விசிறியாயின், வண்டியின் முன்புறம் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே பறந்தால் காரணம் விளங்கிவிடும். விசிறியைச் சுற்றியுள்ள உறை உடைந்திருந்தாலும் இழுவை குறையும்.

நம்மவர் வண்டிகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது பஞ்சுத் தூசி. நூல் கிடங்கின் வாயிலில் நிற்கும் வண்டியிலும், வைக்கோலும் மஞ்சளும் ஏற்றும் வண்டியிலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே இது படிகிறது. ஏ.சி. உள்ள காரில் முன்னேயுள்ள கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளம் போல் படிந்து, வெளியே தெரிவதுமில்லை. எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, உட்புறத்திலிருந்து வெளிநோக்கி, விசையற்ற நீரால் மென்மையாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி வழி அடைபடும்.

இவற்றின் பின் நீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை ஊற்றுவதே பல ரேடியேட்டர்கள் உள்ளே அடைபடக் காரணம். தயாரிப்பாளர் குறித்த கூலண்டையோ, வாலை வடித்த நீரில் அதைக் கலந்தோ ஊற்றுவதே தக்கது. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. உள்ளே ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடினால் நீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். மூடியின் சுருள்வில்லோ ரப்பரோ தளர்ந்தால் இக்காப்பு போய்விடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் நாட்டில் பரவிய வைத்தியம். நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. எஞ்சின் குளிர்ந்தே ஓடித் தேய்வதோடு, எண்ணெய்ச் செலவும் கூடும்.

நெரிசலில் முள் ஏறும்போது ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டர் இருப்பின் அதை முழுதும் திறந்துவிடுக. எஞ்சினின் வெப்பத்தில் சிறிது அதன் வழியே வெளியேறும். அப்பாலும் ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சந்தைக்கு நேரமாகிறது என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, காஸ்கெட் கிழிந்து, சங்கத்தின் கணக்கில் பெருந்தொகை ஏறும். சூடாக உள்ளபோது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். எஞ்சின் மேல் குளிர்நீரை ஊற்றினால் வெடிப்பு விழும். மூடியைத் தொட அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பொறுத்திருக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருந்தாலும், நீர் ஒழுக்கின்றியே குறைந்துகொண்டு வெண்புகை தொடர்ந்து வந்தாலும், காஸ்கெட் முன்னரே பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அவ்வண்டியை ஓட்டிச் செல்லாது, பட்டறைக்கு இழுத்துச் செல்க.